பதினொரு கொலை செய்த மரக்கட்டை

டோக்கியோ வாள் சந்தையில் அந்த வருடம் வாள் பார்க்க வந்த கூட்டத்தைவிட, வாள் பேசுவதைக் கேட்க வந்த கூட்டம்தான் அதிகம்.

கீழே மூன்று தளங்களிலும் கடைகள். விளக்கு வெளிச்சத்தில் வாள்கள் பளபளவென்று படுத்துக் கிடந்தன. சீந்துவாரில்லை. நாலாவது தளத்தில் பாய் விரித்த கூடம். அதன் வாசலில் ‘வாள் நண்பர்கள் மதிய விருந்து’ என்று ஒரு பலகை. தள்ளுமுள்ளு அங்கேதான். ஹொக்கைடோவிலிருந்து வந்த பல் டாக்டர், நாகசாகியிலிருந்து வந்த வங்கி மேலாளர், மெல்போர்னிலிருந்து வந்த ஆறடி மூன்று அங்குல மனிதர் என்று எழுபது பேர். எல்லாரும் ஷூவைக் கழற்றி வாசலில் போட்டார்கள். பலபேர் மூளையையும் பக்கத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

உள்ளே மேடையில் கோசெட்சு ஆசான். வெள்ளை அங்கி, கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு மணிகள், பாதி மூடிய கண்கள். போன பிறவியில் வாளாக இருந்தவராம். இந்தப் பிறவியில் சைதாமாவில் பழைய கார் விற்றவர் என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று வருடமாக இந்த விருந்துக்கு அவர்தான் மாப்பிள்ளை.

அவருடைய வித்தை எளிமையானது. வாளை உறையோடு பட்டுப் பையில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அவர் தொடமாட்டார், தொட்டால் பாவம் ஒட்டிக்கொள்ளுமாம். யாரும் உருவவும் கூடாது. உருவினால் உள்ளே இருக்கிற ஆவி வெளியே பாய்ந்து பக்கத்தில் இருக்கிறவர் மூக்கு வழியாக நுழைந்துவிடுமாம். மெத்தைமேல் கிடக்கிற பைக்கு மேலே காதை வைத்துக் கேட்பார். அது யார் யாரை வெட்டியது, குடும்பத்துக்கு என்ன கேடு செய்கிறது என்று சொல்லுவார். கேடு இல்லாத வாள் ஒன்றுகூட இதுவரை அவர் காதுக்கு எட்டவில்லை. பரிகாரமும் ஒன்றே ஒன்றுதான். வாளையும் அரசாங்கப் பதிவுச் சீட்டையும் அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் மலைமேல் ஒரு கோயிலில் அதைத் தூங்கவைப்பார். ஆவிக்கு எதற்குப் பதிவுச் சீட்டு என்று மூன்று வருடமாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசி வரிசையில் மிட்சுயோ உட்கார்ந்திருந்தாள். தகமாட்சுவில் உடோன் என்கிற ரச நூடுல்ஸ் கடை நடத்துகிறவள். ஐம்பத்தெட்டு வயது. டோக்கியோவில் இறங்கியதிலிருந்து இந்த ஊர் ரசம் கன்னங்கரேலென்று இருக்கிறதே என்று புலம்பிக்கொண்டிருந்தவள். அவள் பக்கத்தில் கான்சுகே, அவள் கணவர். படகுத் துறையில் முப்பத்தாறு வருடம் இயந்திரம் ஓட்டியவர். கண் சிவந்து, மூக்கு சிவந்து, பெண்ணை வழியனுப்பப் போகிற தகப்பனைப்போல உட்கார்ந்திருந்தார்.

காரணம் இருக்கிறது. முந்தின நாள் மாலை, சந்தையின் முதல் நாள் கூடலில், ஆசான் இவருடைய வாளுக்குக் காது கொடுத்தார். “இது உறவை அறுக்கற வாள். இது வீட்டுல இருக்கற வரைக்கும் உங்க பொண்ணுக்குக் கல்யாணம் நிக்காது” என்றார். அவர்கள் மகள் அயாமேவுக்கு நிச்சயதார்த்தம் இரண்டு முறை முறிந்திருந்தது. மறுநாள் விருந்தில் ஆசான் எல்லார் முன்னாலும் இன்னொரு முறை கேட்டதும் வாளை ஒப்படைத்துவிடுவதாகக் கான்சுகே அங்கேயே ஒத்துக்கொண்டார்.

காலையில் ஓட்டல் அறையில் நடந்த சண்டையை அடுத்த அறைக்காரர்கள் இலவசமாகக் கேட்டார்கள்.

“ஏங்க, அயாமே விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சீங்களா?”

“அதான் சொல்றேனே, வாள் சொல்லிச்சு!”

“வாள் சொல்லலை. நீங்க சொன்னீங்க. பீர் குடிச்சுக்கிட்டே முனகாதாகிட்ட ஒண்ணுவிடாம ஒப்பிச்சீங்க. அவர் எழுந்து நேரா ஆசான் பக்கத்துல போய் உட்கார்ந்தார். நான் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்?”

முனகாதா இந்த விருந்தின் அமைப்பாளர். வாயில் எதுவும் தங்காது. கெட்ட எண்ணம் கிடையாது, மூடி கிடையாது, அவ்வளவுதான்.

“நீ எதையும் நம்பமாட்டே.”

“இருபத்தாறு வருஷமா இந்தக் கத்தியைத் தலைமுழுகுங்கன்னு நான் சொன்னேன். கேட்டீங்களா? எனக்குத் தைலம் பூச ஒரு நாளாவது நேரம் இருந்துச்சா? அதுக்கு மாசாமாசம் பூசினீங்க. நேத்து வந்த ஒருத்தன் சொன்னான், உடனே தூக்கிக் கொடுக்கறீங்க!”

இதுதான் அவளுக்கு வலித்தது. வாள் போவதுகூட இல்லை. வாளோடு சேர்ந்து, ‘உன்னாலதான் உன் கல்யாணம் நின்னுது, உன் ராசி அப்படி’ என்று பெண்ணின் தலையில் ஒரு பழி வந்து உட்காரும். அயாமே அந்த இரண்டு பையன்களையும் வேண்டாமென்று சொன்னவள்; ஒருவன் குடிகாரன், இன்னொருவன் தன் அம்மாவைக் கேட்டுத்தான் மூச்சே விடுவான். நல்ல புத்தியால் முறிந்த நிச்சயதார்த்தத்தை ஒரு பழைய கார்க்காரன் சாபமாக்குகிறான்.

கான்சுகேவுக்கு வாளைத் தொட்டு எடுக்க மனம் வரவில்லை. “நீயே மாத்தி வெச்சு எடுத்துட்டு வா, மிட்சுயோ. சீட்டையும் எடுத்துக்கோ. என்னால முடியாது” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

வாள் வைத்திருக்கிறவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரும்பு எப்போதும் வெறும் மரத்தாலான சாதாரண உறையில் தூங்கும். அரக்குப் பூசிய அலங்கார உறையும் கைப்பிடியும் காலியாகக் கிடந்து நெளிந்துவிடாமல் இருக்க, அதற்குள் வாள் வடிவத்தில் செதுக்கிய ஒரு மரக்கட்டையைச் செருகி வைப்பார்கள். கான்சுகேவின் மரக்கட்டையை அவரேதான் செதுக்கினார், நாலு வருடத்துக்கு முன்னால், வாஷிங் மெஷின்மேல் வைத்து. துணியிலெல்லாம் சீவல் ஒட்டிக்கொண்டு மிட்சுயோ மூன்று நாள் பேசவில்லை. விருந்துக்கு அலங்கார உறையில்தான் கொண்டுவர வேண்டும் என்பது ஆசானின் உத்தரவு. ஆகவே மரத்தை எடுத்துவிட்டு இரும்பை மாற்றி வைக்க வேண்டும்.

மிட்சுயோ மாற்றவில்லை. மரம் இருந்தபடியே அலங்கார உறையைப் பட்டுப் பையில் போட்டாள். இரும்பை அதன் சாதாரண உறையோடு ஒரு நீளத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள்.

விலாங்கு மீன் சோறு வந்தது. பீர் வந்தது. பிறகு முனகாதா எழுந்து, “அடுத்தது தகமாட்சு கான்சுகே அண்ணன் வாள்!” என்று கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோலக் கூவினார். மிட்சுயோ பட்டுப் பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் மெத்தையில் வைத்தாள். கூட்டமே வாயில் கைக்குட்டையைக் கவ்விக்கொண்டது. வாள்மேல் மூச்சுக்காற்று படக்கூடாது என்பது அவர்கள் மரியாதை. எழுபது பேர் வாயில் துணியோடு உட்கார்ந்திருந்தால் கேள்வி எங்கிருந்து வரும்?

ஆசான் காதைச் சாய்த்தார். உடல் உதறியது. மணிகள் கலகலத்தன.

“ஆஹா… சுடுதே! நானூறு வருஷத்து இரும்பு! பௌர்ணமியில காய்ச்சி அடிச்சது. பதினொரு பேரு… பதினொரு பேரு அழறாங்க!”

கூடம் கைக்குட்டை வழியாக ‘ஹூம்’ என்று முனகியது.

“கடைசியா வெட்டுப்பட்டது யாருங்க ஆசான்?” என்று மிட்சுயோ கேட்டாள். அவள் வாயில் கைக்குட்டை இல்லை.

“ஒரு சமையல்காரி. எசமானோட கோபத்துக்குப் பலியானவ. தாகம், தாகம்ங்கறா.”

“ஐயோ பாவம். என்ன சமைச்சாளாம்?”

ஆசான் அரைக்கண்ணைத் திறந்து பார்த்தார். “சோறு.”

“தொட்டுக்க?”

“மிட்சுயோ!” என்று கான்சுகே பல்லைக் கடித்தார். கைக்குட்டை கீழே விழுந்தது.

“சும்மா கேட்டேங்க, நானும் சமையல்காரிதானே. ஆசான், நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. நிச்சயமா இரும்புதானே அழுது?”

“அம்மா, இந்தக் காது பொய் சொல்லாது! இரும்போட ஒவ்வொரு அணுவும் துடிக்குது!”

மிட்சுயோ பையின் முடிச்சை அவிழ்த்தாள். கைப்பிடியைப் பிடித்தாள்.

“உருவாதே! ஆவி பாயும்!” என்று ஆசான் துள்ளி எழுந்தார். முன்வரிசைக்காரர்கள் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மெல்போர்ன்காரர் விவரம் புரியாவிட்டாலும் பத்திரமாக இருக்கட்டும் என்று தன் மூக்கையும் பொத்திக்கொண்டார்.

சர்ரென்று உருவினாள்.

மரம். வெளுத்த மரக்கட்டை. அதன்மேல் பென்சிலில் கான்சுகேவின் கோழிக்கிறுக்கலில் எழுதியிருந்தது: ‘இங்கே இறுக்கம். இன்னும் கொஞ்சம் சீவணும்.’

மிட்சுயோ முன்வரிசைத் தட்டு ஒன்றில் மிச்சமிருந்த, பஞ்சுபோன்ற தோஃபுத் துண்டின்மேல் மரக்கட்டையை வைத்து அழுத்தினாள். தோஃபு நசுங்கியது, வெட்டுப்படவில்லை.

“பதினொரு பேரைக் கொன்னது இதுதாங்க. சமையல்காரி எப்படிச் செத்தான்னுதான் தெரியலை. சிரிச்சே செத்திருப்பா போல.”

கோசெட்சு ஆசானை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. பழைய கார் விற்றவர். மழையில் நின்ற காரையும் ‘இப்பத்தான் கழுவினேன்’ என்று விற்கத் தெரிந்தவர். இரண்டு கையையும் உயர்த்தினார். கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

“பார்த்தீங்களா! சாபத்தை நான் உறிஞ்சிட்டேன்! இரும்பு மரமாயிடுச்சு!”

நம்புவீர்களா? கூடம் கைதட்டியது! பல் டாக்டர் அழுதேவிட்டார். “மரமாக்கிட்டாருய்யா!” என்று முனகாதா பாயில் நெற்றி முட்டக் கும்பிட்டார்.

“அப்படியா? அப்ப இது யாரு?” மிட்சுயோ தோளிலிருந்த துணிப்பையை இறக்கினாள். சாதாரண உறையை எடுத்து, தலைதாழ்த்தி வணங்கி, மெதுவாக ஒரு சாண் உருவினாள். நீல வெளிச்சம் கூடம் முழுக்க ஓடியது. “இதுதாங்க எங்க வீட்டு வாள். ஒரு மணி நேரமா இதே கூடத்துல என் தோள்ல சும்மா கிடந்துச்சு. ஒரு தும்மல்கூடப் போடலையே?”

கான்சுகே எழுந்தார். வாளைப் பார்த்தார், மரக்கட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவருடைய காதுமடல் இரண்டும் சிவந்துபோயின.

“இன்னிக்கு… ஆசானுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ” என்றார் முனகாதா, நெற்றியைத் தடவிக்கொண்டு.

அப்போதுதான் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. நிரசாவா என்று ஒரு கூச்ச சுபாவக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். போன வருடம் தன் குட்டை வாளை ஆசானிடம் ஒப்படைத்தவர்.

“ஆசான், என்னுது எங்க இருக்கு?”

“மலைமேல. நிம்மதியாத் தூங்குது.”

“எந்த மலை?”

“உயரமான மலை.”

நிரசாவா எழுந்து வெளியே போனார். பெண்டாட்டி பிறந்தநாளை மறந்தாலும் வாளின் பதிவு எண்ணை மறக்காத ஜாதி இது. பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

“இரண்டாவது மாடியிலதான் தூங்குது! பத்தொன்பதாம் நம்பர் கடையில, விலைச்சீட்டைப் போர்த்திக்கிட்டு! கடைக்காரர் ஆசானோட மச்சானாம்! பக்கத்துலயே இன்னும் நாலு வாள் தூங்குது, எல்லாருக்கும் சீட்டும் இருக்கு!”

வாயில் மிச்சமிருந்த கைக்குட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தன. ஆசான் அங்கியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வாசல்வரைதான் ஓட முடிந்தது. அங்கே எழுபது ஜோடி ஷூ. எல்லாம் கறுப்பு. நானூறு வருடத்துக்கு முன்னால் செத்தவளின் தாகம் தெரிந்த மனிதருக்குத் தன் ஷூ எது என்று தெரியவில்லை. ஒன்றைப் போட்டார், பெரிது. இன்னொன்றைப் போட்டார், சிறிது. மெல்போர்ன்காரரின் படகுபோன்ற ஷூ ஒன்றில் காலை விட்டு இரண்டு எட்டு வைத்துக் குப்புற விழுந்தபோது, சந்தைக் காவலர்கள் வந்து மரியாதையாகத் தூக்கிவிட்டார்கள், கையை விடாமல்.

கான்சுகே மனைவியின் எதிரில் பாயில் முழங்காலிட்டார்.

“மிட்சுயோ, நான் ஒரு மடையன்.”

“அது எனக்குத் தெரிஞ்ச விஷயம். அயாமேவுக்குப் போன் போடுங்க. உன்னால ஒண்ணும் முறியலைம்மா, நீ செஞ்சதுதான் சரின்னு உங்க வாயால சொல்லுங்க. முதல்ல அது.”

அவர் போனை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனார். “அயாமே, அப்பா பேசறேன்” என்றதும் குரல் உடைந்தது. மிட்சுயோ முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன விலாங்கு மீனை எடுத்து வாயில் போட்டாள். டோக்கியோவிலும் ஒன்றிரண்டு நன்றாகத்தான் செய்கிறார்கள் என்று தோன்றியது.

நிமிர்ந்து பார்த்தால் அவளைச் சுற்றி ஒரு கூட்டம். எல்லார் கையிலும் பட்டுப் பை. முகத்தில் அதே பழைய பக்தி.

“அம்மா, உங்களுக்கு ஏதோ சக்தி இருக்கு” என்றார் முனகாதா, குரலைத் தாழ்த்தி. “இல்லாட்டி இவ்வளவு கரெக்டாக் கண்டுபிடிக்க முடியுமா? என் வாளையும் கொஞ்சம் பாருங்களேன். எனக்கு ஒரு மாசமா முதுகுவலி.”

“எனக்கு மருமக சரியில்லை” என்றார் வங்கி மேலாளர்.

பல் டாக்டர் பையை நேராக அவள் மடியிலேயே வைத்துவிட்டார்.

மிட்சுயோ சோற்றுக் கிண்ணத்தை டொக்கென்று கீழே வைத்தாள்.

“ஏன்யா, ஒரு வாள் வாங்கணும்னா கைப்பிடியைக் கழட்டி அடியில வெட்டியிருக்கற கொல்லன் பேரு அசலா போலியான்னு பார்க்கறீங்க. துருவோட நிறம் பார்க்கறீங்க, பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கறீங்க, அப்பவும் நம்பாம நாலு பேர்கிட்டக் காட்டிக் கேக்கறீங்க. ஒரு இரும்புத் துண்டுக்கு இவ்வளவு சந்தேகம்! வெள்ளை அங்கியில ஒரு ஆள் வந்து உட்கார்ந்தா மட்டும் ஒருத்தனுக்கும் அங்கியைத் தூக்கிப் பார்க்கத் தோணலையே, அது ஏன்?”