வராந்தா வக்கீல்

“எடுக்காததை எடுத்தேன்னு சொன்னா மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்னா, சொல்லிடலாமாடா?”

கோர்ட் வராந்தாவில் அக்கா இப்படிக் கேட்டது என்னிடம். பதில் தெரிந்தவர் பக்கத்து பெஞ்சில் இருந்தார்.

வராந்தா வக்கீல் என்றோர் இனம் உண்டு. கறுப்புக் கோட்டு கிடையாது, சட்டப் படிப்பு கிடையாது. மச்சானின் சைக்கிள் வழக்குக்குத் துணையாக ஒரு நாள் வந்தவர், அந்த வழக்கு முடிந்து, மச்சான் வேறு ஊருக்குக் குடிபோய், சைக்கிளே துருப்பிடித்த பிறகும், தினமும் பத்து மணிக்கு வந்து, மின்விசிறிக்கு நேர்கீழே கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்து உட்கார்ந்து, அடுத்தவர் மடியில் இருக்கும் சம்மனை எட்டிப் படிக்கிறார். கேட்டோமா? இல்லை.

“என்ன பொருள்?” என்றார்.

“ஃபேஸ் கிரீம். கடையில என் பாப்பா கைக்கு எட்டினதைத் தன் தள்ளுவண்டிக்குள்ள இழுத்துப் போட்டிருக்கா. பில் போடுறப்ப நான் பாக்கல. வாசல்ல பிடிச்சுட்டாங்க.”

“முதல் தடவையா?”

“அண்ணே, நான் எடுக்கவே இல்லைங்கறேன்.”

“சரி, முதல் தடவை.” நோயைக் கண்டுபிடித்த டாக்டர் போலத் தலையாட்டினார். “சின்னத் திருட்டும்மா. ஒத்துக்கறியான்னு ஜட்ஜ் கேப்பார். ஆமாங்கய்யான்னுடு. சின்ன அபராதம், முடிஞ்சது கதை. இல்லேன்னு நின்னா வாய்தாவுக்கு மேல வாய்தா. பாப்பா ஸ்கூலுக்கே போயிடுவா.”

இந்த இனம் ஆதாரம் இல்லாமல் பேசாது. அன்றைய ஆதாரம் ஒரு பள்ளி வேன் டிரைவர். இவர் சொன்னபடி ஒத்துக்கொண்டு, பத்தே நிமிடத்தில் அபராத ரசீதோடு சிரித்தபடி வெளியே வந்தார். “பாத்தியா?” என்றார் நம்மவர். பார்த்தோம். அந்த டிரைவர் வேலை பார்த்த பள்ளி, போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டதும், அது கிடைக்காமல் வேலை போனதும் மூன்று மாதம் கழித்து நடந்தவை. அவை வராந்தாவில் இருந்து தெரியாது.

அக்கா ஏறக்குறைய எழுந்துவிட்டாள். அப்போதுதான் இலவசச் சட்ட உதவி வக்கீலம்மா ஒரு கட்டு ஃபைல்களோடு ஓடி வந்தார்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன் மேடம்.”

“அப்ப நல்லா கேளுங்க. அபராதம் இன்னைக்கு முடிஞ்சுடும். திருட்டுக்குத் தண்டனைங்கற பதிவு முடியாது. எந்த ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாலும் கேப்பாங்க. கடை கேமராவைப் பார்க்க டைம் கேப்போம்.”

“சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது,” என்று எங்கள் காதில் ஓதினார் அனுபவஸ்தர்.

உள்ளே நீதிபதி கேட்டார்: “குற்றத்தை ஒத்துக்கறீங்களா?”

அக்கா திரும்பிப் பார்த்தாள். வாசலில் வராந்தா வக்கீல், ஆமாம் சொல்லு என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் அவளுக்குக் கோபம் வந்ததாம்.

“இல்லைங்கய்யா. எடுக்கல.”

மூன்று வாய்தா. நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வராந்தாவை அளந்தேன். மூன்றாவது முறை, கேமராப் பதிவை ஒருவழியாகப் பார்த்திருந்த கடை மேலாளர், ஒரு குட்டிக் கை அலமாரியில் இருந்து டப்பாவை இழுப்பதைக் கண்டு, புகாரைத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்தார். நீதிபதி அனுமதித்தார். வழக்கு முடிந்தது. தண்டனை இல்லை, பதிவு இல்லை. அக்கா இப்போது குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறாள்.

வெளியே வந்ததும் நம்மவர் சொன்னார்: “நான்தான் அப்பவே சொன்னேனே, இது சின்னக் கேஸுன்னு!”

சிரிக்கிறீர்களா? “எதுக்குப்பா வம்பு, ஒத்துக்கிட்டு வந்துடு” என்று நீங்கள் யாரிடமும் போனில் சொன்னதில்லையா? அதற்கு ஒரு வராந்தாகூடத் தேவைப்பட்டிருக்காது.

சம்மன் கிடைத்த யாரையாவது தெரிந்தால் இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். உங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன்பே சொன்னால் நல்லது.