இருபத்துமூன்றாம் படிக்கு ஒரு கைப்பிடி

மனித அறிவின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால், தண்ணீர் இல்லாத கிணறு என்பேன். எங்கள் ஊர்ப் படிக்கிணறு நானூறு வருடங்களாகத் தண்ணீரை வைத்துக்கொண்டு வீணாகக் கிடந்தது. அதை 'மீட்டெடுத்த' குழுவை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

என் அண்ணன் அந்தக் கிணற்றைத் தூர்வாரி, படி கழுவும் வேலை பார்த்தவர். இருபத்துமூன்றாம் படியில் கல்லிடுக்கில் ஊற்று கசிந்து எப்போதும் பாசி. 'வழுக்குகிறது, கைப்பிடிக் கம்பி ஒன்று போட்டுத் தருக' என்று நகராட்சிக்கு ஒன்பது மனு எழுதினார். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவன் நான். ஒன்பதிலும் பிழை இல்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தபோது, அண்ணன் அதே படியில் வழுக்கி விழுந்து இறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

அடுத்த மாதமே குழு அமைந்துவிட்டது. கூட்டத்துக்கு அண்ணியையும் அழைத்தார்கள். துணைக்கு நான் போனேன்.

"முதல்ல தண்ணிய இறைச்சிடணும். இருந்தா ஜனங்க விழுந்துடுவாங்க," என்றார் தலைவர்.

"இல்லாட்டியும் விழுவாங்க. கல்லு மேல விழுவாங்க," என்றார் அண்ணி.

"அருமையான கருத்தும்மா. யாருப்பா அங்க, குறிப்புல ஏத்திக்கோங்க."

அடியில் காப்பிக்கடை, நடுவில் தியான மேடை, மேலே செல்ஃபி முனை என்று கிணறு 'பயனுள்ளதாக' மாறிக்கொண்டே வந்தது. பாசியை மட்டும் கட்டடக்கலை நிபுணர் தொடவிடவில்லை. அது 'உயிருள்ள பாரம்பரியம்'. இறைத்ததில் ஊற்றும் நின்றுவிட, பாசி காய்ந்துவிடாமலிருக்க அந்தத் தண்ணீரையே தினம் இரண்டு வேளை அதன்மேல் தெளிக்க ஆள் போட்டார்கள்.

"அப்போ கம்பி?" என்று கேட்டார் அண்ணி.

"கம்பி போட்டா படிகளோட மௌனம் கெட்டுடும்மா," என்றார் நிபுணர்.

"அவரு விழுந்தப்ப அது ஒண்ணும் மௌனமா இல்ல சார். எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

நிபுணர் கண்களை மூடி ரசித்தார். "இத ஆடியோவா போடலாம்."

திறப்பு விழாவுக்கு அண்ணிதான் சிறப்பு விருந்தினர். இருபத்துமூன்றாம் படியருகே சுவரில், அண்ணனின் ஒன்பது மனுக்களும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தன. மேலே 'மக்களின் குரல்' என்று தலைப்பு. முன்னால், இடுப்புயரத்தில், பளபளவென்று ஒரு பித்தளைக் கம்பி.

"பாத்தியா தம்பி," அண்ணி கம்பியைக் காட்டினார். "கடைசில போட்டுட்டாங்க."

சொல்லிக்கொண்டே கால் வைத்தார். அன்று காலைதான் பாசிக்குத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கால் வழுக்கியது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்.

காவலாளி பதறி ஓடிவந்தார்.

"அம்மா, அம்மா, கைய எடுங்க! கம்பி அந்த மனுவுக்கும்மா. யாராவது வழுக்கி அது மேல விழுந்துட்டா என்ன பண்றது? ஒரிஜினல்மா. போனா வராது."