துருவநீலனை எழுப்ப வேண்டாம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய எழுத்தாளர் பனித்துளி நிலா அவர்களின் சமூகத்துக்கு, வாலாஜாபாத்தில் கேட்டரிங் தொழில் நடத்தும் ரத்தினம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி கங்காவும் நலம். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கதைக்கு மேலே தங்கள் படம் இருக்க வேண்டிய இடத்தில் பூனைப் படம் இருப்பதால் தாங்கள் ஐயாவா அம்மாவா என்று எனக்குத் தெரியவில்லை. மரியாதையில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். அந்தப் பூனையும் நலமாக இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் செல்போனில் தொடராக எழுதிவரும் ‘ஏழாம் சிறகின் வாரிசு’ என்ற இளையோர் மாயக்கதையில், எண்பத்து நான்காம் அத்தியாயத்தில், இளவரசன் துருவநீலனைக் கொன்றுவிட்டீர்கள். அவனை உயிரோடு எழுப்பித் தரச் சொல்லி ஊர்ப்பட்ட ஜனம் அதற்குக் கீழே அழுது எழுதியிருப்பதையும் பார்த்தேன். தயவுசெய்து அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். செத்தவன் செத்தவனாகவே இருக்கட்டும். பதினேழு வயதுப் பிள்ளை சாகத்தான் வேண்டும் என்று ஒருவன் கடிதம் போடுகிறானே என்று தங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். நான் பட்ட அதிர்ச்சிகளைக் கேட்டால் அது ஒன்றுமேயில்லை என்பீர்கள்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு நான் கேண்டீன் எடுத்து நடத்துகிறேன். செல்போனுக்குள் வைக்கிற பொடிப் பொடிப் பாகங்கள் செய்கிற கம்பெனி. வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் சங்கரன்கோவில், விளாத்திகுளம் பக்கத்துப் பெண்கள். குன்றத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிறவர்கள். செல்போனுக்குப் பாகம் செய்கிற இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே சட்டம், ஆகவே தங்கள் கதையைப் படிப்பதெல்லாம் பஸ்ஸில்தான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் கண் வீங்கி, மூக்குச் சிவந்து, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள். ஊரில் கண்வலி பரவுகிறது போலிருக்கிறது என்று நினைத்து நான் பேசாமல் இருந்துவிட்டேன். மதியம் பார்த்தால் போட்ட சாப்பாடு போட்டபடி திரும்பி வருகிறது. அப்பளம்கூட உடையவில்லை. இத்தனை வருடத் தொழிலில் என் அப்பளம் முழுசாகத் திரும்பி வந்ததே கிடையாது. சாம்பாரில் பல்லி விழுந்துவிட்டதோ என்று ஓடிப்போய் அண்டாவைக் கலக்கினேன். எங்கள் சமையல் மாஸ்டர் யாக்கோபு ஒரு கரண்டி எடுத்துக் குடித்துவிட்டு, “இன்னா நைனா அப்படிப் பாக்கற? நான் உயிரோடதான கீறேன்? சாம்பார் சோக்கா கீது” என்றார்.

அதற்குள் மேலே தகவல் போய், எச்.ஆர். மேனேஜர் சண்முகசுந்தரம் சார் மூச்சிரைக்க இறங்கி வந்துவிட்டார். ஹால் நிறையப் பெண்கள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் எச்.ஆர். கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? உண்ணாவிரதம் என்றே முடிவுகட்டிவிட்டார். “என்னம்மா டிமாண்ட்? எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்” என்று பச்சைப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் கேட்டார். சந்தனமாரி என்கிற பெண் எழுந்து, “சார், துருவநீலன் செத்துட்டான் சார்” என்று விம்மினாள். அவர் அப்படியே பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “எந்த லைன்? எந்த ஷிப்டு? ஏன் எனக்கு யாரும் சொல்லலை?” என்றார். “மேலேருந்து கீழ விழுந்துட்டான் சார்.” “மேலேருந்தா? சேஃப்டி பெல்ட் போடலையா?” என்று கத்தியவர் பதிலுக்கு நிற்காமல் ஆபீசுக்கு ஓடினார். ஆள் கணக்கு முழுதும் அலசிவிட்டு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, “அப்படி ஒரு பேரே நம்ம ரெக்கார்டுல இல்லையே, கான்ட்ராக்ட் லேபரா?” என்று கேட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினார். அந்த ஹாலில் கான்ட்ராக்டர் நான் ஒருவன்தான். “ரத்தினம், உங்க ஆளா?” என்றார். யாக்கோபிலிருந்து பாத்திரம் தேய்க்கிற அம்மா வரைக்கும் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் உயிர் இருந்தது. துருவநீலனுக்கு முதுகில் சிறகு உண்டு என்று அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

இதோடு சிரித்துவிட்டுப் போயிருந்தால் தங்களுக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. மறுநாளும் சாப்பாடு திரும்பி வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. சண்முகசுந்தரம் சார் என்னைக் கூப்பிட்டு, “கதைல ஒருத்தன் செத்ததால சாப்பிடலைன்னு நான் ரிப்போர்ட் எழுத முடியுமா ரத்தினம்? சாப்பாடு சரியில்லைன்னுதான் எழுத முடியும். இந்த மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா கேண்டீனை வேற ஆள்கிட்ட குடுக்க வேண்டி வரும்” என்றார். நான் பார்த்தேயிராத, சிறகு முளைத்த ஒரு பையனால் என் பிழைப்பே போகிறது. என்னை நம்பி அடுப்படியில் நிற்கிறவர்கள் எங்கே போவார்கள்? சரி, அப்படி என்னதான் எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்க, கங்காவின் போனை வாங்கி முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதல் அத்தியாயத்திலேயே கதாநாயகி ஆழிமதியின் அப்பா அம்மா இரண்டு பேரையும் தீர்த்துவிட்டீர்கள். தங்கள் கதைதான் இப்படியோ என்று பக்கத்தில் காட்டிய வேறு மூன்று மாயக்கதைகளைத் திறந்தேன். அங்கேயும் பெற்றவர்கள் ஒருத்தர் மிச்சமில்லை. பெற்றவர்கள் உயிரோடு இருந்தால் பிள்ளைகளுக்கு மந்திரம் வராதா? இங்கே பதினெட்டு முடியாத பிள்ளையைக் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள், ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். தங்கள் கதையில் பதினாறு வயது ஆழிமதியின் தோளில் மச்சம் இருக்கிறது என்று ஏழு தேசத்துச் சேனையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், இன்டர்வியூ இல்லை, டிரெயினிங் இல்லை. அவளோ சிறகுக்காரன் வேண்டுமா, ஓநாயாக மாறுகிறவன் வேண்டுமா என்று நாற்பது அத்தியாயம் யோசிக்கிறாள். அதனால் எங்கள் பஸ்ஸில் இடது பக்க சீட்டெல்லாம் ஓநாய்க் கட்சி, வலது பக்கமெல்லாம் சிறகுக் கட்சி என்று பிரிந்து, டிரைவர் பாபு நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். கெடுதல் செய்கிறவன், சிறகை வெட்டுகிறவன் யார் என்று பார்த்தால் சித்தப்பா. படித்த நான்கு கதையிலும் சித்தப்பாதான். நானும் மூன்று பிள்ளைகளுக்குச் சித்தப்பா. ஒரு பிள்ளையின் சிறகையாவது நான் வெட்டியிருப்பேனா? எல்லாவற்றையும்விட, எண்பத்து நான்கு அத்தியாயத்தில் அந்தச் சேனை மலை ஏறுகிறது, கடல் தாண்டுகிறது, ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. துருவநீலன் ஒரே ஒரு தடவை ஆப்பிள் கடிக்கிறான். அதையும் பாதியில் தூக்கிப் போட்டுவிட்டுச் சண்டைக்குப் போகிறான். அடுப்பு மூட்டுகிற ஒரு ஆளையாவது கதைக்குள் வைக்கக் கூடாதா? அவன் விழுகிற கட்டம் வந்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. அடுப்படி ஆவி படிந்திருந்தது, வேறொன்றுமில்லை.

படித்து முடித்த மறுநாள் சந்தனமாரியைக் கை கழுவுகிற இடத்தில் பிடித்து, “ஏம்மா, அது கதைதானே, ரெண்டு வாய் சாப்பிட்டா என்ன?” என்று கெஞ்சினேன். “சாவு விழுந்த வீட்ல எப்படி அண்ணாச்சி சோறு எறங்கும்?” என்றாள். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. சாவு வீடு என்றால், அங்கே இருக்கிறவர்களை மறுபடி சாப்பிட வைக்க ஒரே வழிதான் உண்டு. கருமாதிச் சாப்பாடு போட்டு முடித்துவைப்பது. வடை பாயசத்தோடு சனிக்கிழமை போடுகிறேன் என்றேன். சண்முகசுந்தரம் சார் அதற்கு ‘ஊழியர் மகிழ்ச்சி தினம்’ என்று பெயர் எழுதி அனுமதி வாங்கினார். யாக்கோபுதான் தலையைச் சொறிந்துகொண்டு, “அல்லாம் சரி நைனா, ரெக்க மொளச்ச புள்ளைக்கு இன்னா வச்சிப் படைக்கறது?” என்று கேட்டார். செத்தவருக்குப் பிடித்ததையல்லவா இலையில் வைக்க வேண்டும்? தாங்கள் எழுதியதை நம்பினால் பாதி ஆப்பிள்தான் வைக்க முடியும். அதனால் பெண்களைக் கூப்பிட்டு, அவனுக்கு என்ன பிடிக்கும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

சந்தனமாரி, “சாளக் கருவாட்டுக் கொழம்பு அண்ணாச்சி, கத்தரிக்கா போட்டு” என்றாள். எழுதிக்கொண்டேன். மாடத்தி, “வெத்தலயும் கொட்டப்பாக்கும். பாக்கெட் பாக்கு ஆகாது” என்றாள். சுகப்பிரியா, “டீ வைங்க. ஆறினப் பொறவுதான் குடிப்பான்” என்றாள். பின்னால் நின்ற ஒரு சின்னப் பெண், “பால் பன். மேல இருக்க சீனிய மட்டும் நக்கிட்டு வச்சிருவான்” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண் எரிய எண்பத்து நான்கு அத்தியாயம் படித்தவன் நான், என்னிடமேவா? “பதினேழு வயசு இளவரசன் வெத்தலை போடுவானா? இது எந்த அத்தியாயத்துல வருது?” என்று கத்திவிட்டேன். சந்தனமாரிதான், “கதைல வரல அண்ணாச்சி. எங்க அப்பாவுக்குக் கருவாடுன்னா உசுரு. போன ஐப்பசில போயிட்டாவ. நான் பஸ் ஏறிப் போயிச் சேருததுக்குள்ள எடுத்துட்டாவ. கருமாதிக்கு லீவு கெடைக்கல” என்றாள். வெற்றிலை மாடத்தியின் தாய்மாமனுக்கு. ஆறின டீ, சுகப்பிரியாவோடு ஹாஸ்டலில் இருந்து, காய்ச்சலில் ஊருக்குப் போய்த் திரும்பாத தோழிக்கு. பால் பன் யாருக்கு என்று அந்தச் சின்னப் பெண்ணை நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை நீளமாக ஒரு இலை போட்டோம். கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை, ஆறின டீ, பால் பன், இன்னும் அவர்கள் சொன்னதெல்லாம் இருந்தன. சண்முகசுந்தரம் சார் எட்டிப் பார்த்துவிட்டு, “வெத்தலையெல்லாம் போடுவானா இந்தப் பையன்?” என்று என் காதோடு கேட்டார், நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் பெண்கள் அன்றைக்கு வாய்விட்டு அழுதார்கள். யாக்கோபு தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பாயசம் பற்றாமல் போய் மறுபடி வைத்தோம். திங்கட்கிழமையிலிருந்து தட்டு காலியாக வருகிறது. கேண்டீனும் என் கையிலேயே இருக்கிறது.

இந்த நிலைமையில் தாங்கள் துருவநீலனை எழுப்பிவிட்டால் என்ன ஆகும்? கருமாதி முடிந்தவன் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று எங்கள் தெரு ஐயரைக் கேட்டேன். புதிதாகப் பிறந்த மாதிரி தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்க வேண்டுமாம். சிறகோடு எந்தத் தொட்டிலில் போடுவது? அதுகூடப் பரவாயில்லை. அவன் வந்துவிடுவான், சந்தனமாரியின் அப்பா வருவாரா? பால் பன் தின்ற பிள்ளை வருமா? அவன் பெயரைச் சொல்லித்தான் அவர்கள் தத்தம் வீட்டுச் சாவையெல்லாம் அழுது முடித்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே பறந்து வந்தால் அந்த இலைக்கு முன்னால் அழுததெல்லாம் வீணாகிவிடாதா? என் தொழிலுக்காக மட்டும் நான் கேட்கவில்லை, அந்தப் பிள்ளைகளுக்காகவும்தான் கேட்கிறேன். அவனை விட்டுவிடுங்கள், அப்படியே கிடக்கட்டும்.

தங்கள் கை வலிக்காமலும் போனில் சார்ஜ் குறையாமலும் தாங்கள் பல்லாண்டு எழுத, குன்றத்தூர் முருகனை வேண்டிக்கொள்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, பூனைக்கு அன்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரத்தினம்,
வாலாஜாபாத்.

பின்குறிப்பு: இதைப் போனில் ஏற்றித் தங்களுக்கு அனுப்பச் சொல்லிச் சந்தனமாரியிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்தாள். படித்துவிட்டு, “என்ன அண்ணாச்சி இப்படி எழுதி வச்சிருக்கீய? எங்க அப்பா வரமாட்டாவன்னு எனக்குத் தெரியாதா? போனவங்கள்ல வரக்கூடியவன் அவன் ஒருத்தன்தான். அவனையும் வராதன்னு சொல்லலாமா?” என்றாள். கடிதத்தைத் திரும்ப வாங்கி இதைச் சேர்க்கிறேன். ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். பையனை எழுப்பிவிடுங்கள். ஒரே ஒரு விண்ணப்பம், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து எழுப்புங்கள். வேலை நாளில் எழுந்தால் லைன் நின்றுவிடும், சண்முகசுந்தரம் சார் தாங்கமாட்டார்.