மேற்படி முயல்

பதுளையில் நான் பார்த்த மனிதர்களிலேயே கடதாசி இல்லாமல் மூச்சுக்கூட விடாதவர் ஒருவர்தான். அவருக்குச் சுற்றறிக்கை சேர் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். ‘நாங்கள்’ என்றால் பெரிய கூட்டம் ஒன்றுமில்லை. நானும், கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்கார அம்மாவும்தான். மேல்மாடியில் நான்கு அறைகள். இரண்டில் ஆளில்லை. விறாந்தைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

அவர் ஓர் அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதர்; கடிதமும் கோப்பும்தான் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு முப்பது வருடத்துக்கும் மேலாகப் பதுளையில் தனியே இருந்தார். நான் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வேலைக்காக இறங்கி வந்தவன். எதிரெதிர் அறைகளில் இரண்டு வருடம் இருந்தும் நாங்கள் பேசிக்கொண்டதையெல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். சொல்ல வேண்டியதை அவர் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, இலக்கமிட்டு, என் கதவில் ஒட்டிவிடுவார். “பொருள்: செருப்பு. மேற்படி செருப்பு விறாந்தையின் நடுவே காணப்பட்டது. உரியவர் ஆவன செய்க.” உரியவர் என்று அந்த மாடியில் இருந்தது நான் ஒருவன்தான். வாசித்ததற்கு அடையாளமாகக் கையொப்பமிட்டுத் திருப்பி ஒட்ட வேண்டும். ஒருமுறை மறந்துவிட்டேன். முதலாம் நினைவூட்டல் வந்தது. இரண்டாம் நினைவூட்டலுக்குப் பயந்து அன்றே கையொப்பமிட்டேன்.

இப்படிப்பட்டவரின் அறைக்கு ஒரு நாள் முயல் வந்தது. மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போன சக ஊழியர் ஒருவர், ஆண் முயல்தான், ஒரு தொல்லையும் இல்லை என்று சொல்லி, அட்டைப்பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாராம். சாம்பல் நிறம். ஒரு காது மட்டும் மடிந்து தொங்கும். மாலையில் என் கதவில் அறிவித்தல்: “பொருள்: முயல். மேற்படி முயல் இன்று முதல் இவ்விடத்தில் கடமையேற்றுள்ளது.” அன்றிலிருந்து அதன் பெயரே மேற்படி என்றாகிவிட்டது. “மேற்படி, சாப்பிட்டனியே?” என்று அவர் கேட்பது என் அறைவரை கேட்கும். இரண்டு வருடத்தில் என்னிடம் ஒருநாளும் கேட்காத கேள்வி.

மூன்று வாரத்தில் மேற்படி ஊதிப்போனது. பிறகு வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு மூலை மூலையாக அலைந்தது. தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கிக் குவித்தது. தோல் வியாதி என்று தீர்மானித்த சேர், அதை மார்க்கட் பையில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். வைத்தியரம்மா அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். இன்றோ நாளையோ குட்டி போடும், பெட்டியில் வைக்கோல் பரப்பி இருட்டான மூலையில் வையுங்கள், சும்மா சும்மா எட்டிப் பார்க்காதீர்கள் என்று அனுப்பிவிட்டாராம்.

வெளுத்த முகத்தோடு படியேறி வந்தார். பத்து நிமிடத்தில் கடதாசி வந்தது. “மேற்படி முயல் ஆண் எனக் கருதப்பட்டமை இத்தால் திருத்தப்படுகிறது. பிரசவம் முடியும்வரை செருப்புச் சத்தம், வானொலி, தும்மல் ஆகியன தவிர்க்கப்படல் வேண்டும்.” கீழ்த்தளத்துக்கும் ஒரு பிரதி போயிருந்தது. பிரஷர் குக்கர் இரண்டு விசிலுக்கு மேல் போகக்கூடாதாம். வீட்டுக்கார அம்மா அந்தக் கடதாசியோடு என்னிடம் வந்தார்.

“ஏந் தம்பி, நான் இந்த வீட்லதான் மூணு பெத்தேன். எனக்கு ஒருத்தரும் விசில கொறைக்கலையே,” என்றார்.

ஆனாலும் அன்றைக்கு அவர் எங்களுக்குச் சமைத்து அனுப்பும் சாப்பாட்டுப் பார்சலில் பருப்பு அரைவேக்காடாகத்தான் வந்தது.

மறுநாள் சேர் லீவு போட்டார். ஊருக்குப் போவதற்கல்லாமல் அவர் லீவு போட்டது அதுதான் முதல் தடவை. காரணம் என்ற இடத்தில் பொய் எழுதக் கை வராமல், “வீட்டில் பிரசவம்” என்று எழுதிவிட்டார். ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கிற மனிதரின் வீட்டில் பிரசவம் என்றால் கந்தோர் சும்மா இருக்குமா? மத்தியானம் நான்கு பேர் குழந்தைச் சவர்க்காரம், பவுடர், கம்பளி நூலில் பின்னிய ஒரு குட்டித் தொப்பி சகிதம் படியேறி வந்துவிட்டார்கள். சேர் அவர்களைக் கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினார். சிரித்துச் சிரித்து அவர்கள் விறாந்தையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கடைக்கு ஓடிப்போய்ப் பணிஸ் வாங்கிவந்தார். அவர் அறையில் இருந்தது ஒரே ஒரு கோப்பை. என்னுடையவற்றையும் கீழ்த்தளத்திலிருந்து சிலவற்றையும் இரவல் வாங்கித் தேநீர் கொடுத்தார். அந்த அறைக்கு ஆட்கள் வந்து நான் பார்த்தது அன்றுதான். அவர்கள் போன பிறகு, தொப்பியை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் என் கதவு தட்டப்பட்டது. அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் கடதாசி இல்லை. மயிர் முளைக்காத, கண் திறக்காத, விரல் நீளக் குட்டி ஒன்று இருந்தது.

“தம்பி, ஆறு போட்டிருக்கு. இது வெளியிலை விழுந்து விறைச்சுக் கிடந்தது. உயிர் இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

வாங்கிப் பார்த்தேன். ஆற்றுக் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. அசைவே இல்லை. போய்விட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை. தண்ணீர் சுடவைத்தேன். போத்தலில் வெந்நீர் நிரப்பிச் சாரத்தில் சுற்றிக் கொடுத்தேன். அவர் என் கட்டிலில் உட்கார்ந்து, குட்டியை அதன்மேல் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டார். போத்தல் ஆற ஆற நான் மாற்றினேன். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம்.

குட்டியிடமா என்னிடமா என்று தெரியாதபடி அவர் பேசத் தொடங்கினார். மகள் பிறந்தபோது அவர் இந்த ஊரில்தான் இருந்தாராம். தந்தி வந்ததாம். சண்டைக் காலம். பாதை பூட்டு.

“நான் போய்ச் சேரேக்கை அவ நடக்கத் தொடங்கிட்டா, தம்பி. என்னைக் கண்டிட்டுத் தாய்க்குப் பின்னாலை ஒளிச்சவ. கனகாலம் மாமா எண்டுதான் கூப்பிட்டவ.”

நான் இன்னொரு போத்தல் நிரப்பப் போனேன். திரும்பி வந்தபோது அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“உதைக்குது,” என்றார் மெதுவாக.

பிழைத்தது. ஆனால் மேற்படியோ ஆறு பிள்ளைகளையும் விட்டுவிட்டு எதிர் மூலையில் உட்கார்ந்து புல் தின்றது. பகல் முழுக்கப் பெட்டிப் பக்கமே திரும்பவில்லை. சேரால் பொறுக்க முடியவில்லை. விளக்கம் கோரி அதற்கே ஒரு கடிதம் எழுதிப் பெட்டியில் ஒட்டினார். பிள்ளைகளைப் பராமரிக்கத் தவறியமைக்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் காரணம் காட்ட வேண்டும் என்றிருந்தது. மேற்படி கடிதத்தையும் தின்றுவிட்டது.

கடைசியில் நான்தான் வைத்தியருக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னேன். முயல் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்குமாம். குட்டிகளின் வயிறு உருண்டையாக இருந்தால் பயப்படத் தேவையில்லையாம். இருவரும் குனிந்து பார்த்தோம். ஆறும் உருண்டையாகத்தான் இருந்தன. நாங்கள் பார்க்காத நேரமாகப் பார்த்து அது வேலையை முடித்திருக்கிறது.

“கிட்ட நிண்டால் மணத்துக்கு நரி, பாம்பு தேடி வந்திடுமாம். அதுதான் தள்ளி நிக்குதாம்,” என்றார் சேர். பிறகு மேற்படியின் மடிந்த காதைத் தடவிவிட்டார். “பாவம். தெரியாமல் ஏசிப்போட்டன்.”

பத்து நாளில் குட்டிகள் கண் திறந்தன. விறைத்துக் கிடந்த சின்னது, கந்தோர்க்காரர்கள் கொண்டுவந்த தொப்பிக்குள் படுத்துக்கொண்டது. காவலுக்கு ஆள் வேண்டும் என்ற சாக்கில் நான் என் சாப்பாட்டுப் பார்சலை அவர் அறைக்கே கொண்டுபோகத் தொடங்கினேன். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். குட்டிகள் எங்கள் கால்மேல் ஏறி ஓடும். அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேலாக என் கதவு வெறுமையாகவே இருந்தது.

அவர் ஓய்வுபெற்றார். ஐந்து குட்டிகளை எங்கள் தோட்டத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். மேற்படியையும் சின்னதையும் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். பெட்டியை நான்தான் பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் புல்லைப் பற்றி மட்டும் பேசினோம்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், தொலைபேசியில் வந்தார். அங்கே வெக்கை தாங்கவில்லையாம். முயல்கள் இரண்டும் சீமெந்துத் தரையில் நீட்டிக் கிடப்பதைப் பார்த்து, மனைவி மின்விசிறியை அவற்றின் பக்கம் திருப்பிவிட்டாராம். தான் ஒரு மட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறாராம். வீட்டில் எல்லோரும் நல்ல மாதிரித்தானாம். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் தேத்தண்ணியைத் தட்டத்தில் வைத்துத் தருகிறார்களாம்.

“அங்கை மழையே, தம்பி?”

வெளியே பளீரென்று வெயில். “பெய்யுதுங்க சேர்,” என்றேன்.

“போனை ஒருக்கா வெளியிலை பிடியுங்கோவன். கேக்க ஆசையாக் கிடக்கு.”

குளியலறைக்குப் போய் வாளியை வைத்துப் பைப்பைத் திறந்தேன். போனைக் கிட்டப் பிடித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வாளி நிரம்பி வழியும்வரை நானும் அப்படியே நின்றேன்.