வெள்ளிக்கிழமை சப்பாத்து

இங்கிலீஷ் அறவே தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் வராது. நன்றாகத் தெரிந்தவனாலும் வராது. புரியாததற்கெல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுகிறவன் இருக்கிறானே, அவனைத்தான் ஊரார் கொஞ்சம் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். அட்டன் பட்டணத்தில் ஒரு நல்ல காரியம் பிறந்த அன்றே செத்துப்போனதற்கு அப்படித் தலையாட்டிய ஓர் இளைஞன்தான் காரணம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, காலில் சப்பாத்து, முகத்தில் உத்தியோகக் களை. உத்தியோகம் மட்டும் கிடையாது. அவன்தான் நான்.

சப்பாத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்த மாமா போட்டுத் தேய்த்துக் கழித்த ஜோடி அது. எனக்குப் பெரிது. முன்னால் கந்தல் துணி அடைத்துக்கொள்வேன். நடந்தால் கீச்சிடும். எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் சப்பாத்துப் போட்ட ஒரே ஆள் நான் என்பதால் அந்தக் கீச்சல் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது. (பக்கத்து வீட்டு நாய்க்கு அப்படிக் கேட்கவில்லை. தினமும் துரத்தும்.) அப்பா தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். மகன் படித்துவிட்டான், இனி நாற்காலியில்தான் உட்காருவான் என்று காத்திருந்தார். ஆனால் அது எங்கள் சனத்துக்குப் பிரஜாவுரிமையும் வாக்கும் பறிபோயிருந்த காலம். எந்த நாற்காலிக்குப் போனாலும் நீ எந்த நாட்டுக்காரன் என்று முதலில் கேட்டார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. அந்தக் காலத்தில் என் மூளை தலையில் இல்லை, சப்பாத்துக்குள்தான் இருந்தது.

அப்போதுதான் ஹன்னா அம்மா, தான் இங்கிலீஷில் பேசுவதைச் சனத்துக்குத் தமிழில் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தார். அவர் யூதர். அதனாலேயே வியன்னாவிலிருந்து துரத்தப்பட்டு, டாக்டரான கணவரோடு எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தவர். டாக்டர் காலமான பிறகும் அவர் போகவில்லை. வெள்ளைத் தோல் என்பதால் சனங்கள் ‘ஜெர்மன் துரைசானி’ என்றார்கள். அந்த இரண்டு சொல்லுமே அவருக்கு ஆகாது. முதல் சொல்லின் பேரால்தான் அவர் வீட்டாரைக் கொன்றார்கள் என்பதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அவர் ஊரில் ஒரு வீடு இருந்ததாம். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். புத்தகம் படிக்கலாம், வயலின் கேட்கலாம், சூப் குடிக்கலாம், தொண்டை வற்ற வாதம் பண்ணலாம். அதை எரித்துவிட்டார்கள். அப்படி ஒரு வீட்டை அட்டனில் உண்டாக்க வேண்டும் என்பது ஹன்னா அம்மாவின் ஒரே ஆசை. லயத்துச் சனம் பட்டணத்துக்கு வந்தால் கடை வாசலில் நிற்கலாம், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம். உட்கார ஓரிடம் இல்லை. அவர்கள் உட்காரும் இடமாக அது இருக்க வேண்டும் என்றார். நாடற்றவராக இருப்பது எப்படி என்று தனக்குத் தெரியும் என்றார்.

கடைவீதிக்குப் பின்னால், தேயிலைப் பெட்டிகள் அடுக்கும் ஒரு பழைய கிடங்கை அதன் முதலாளி அவருக்கு விட்டுக்கொடுத்தார். மனம் இல்லாமல்தான். முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தானே வந்து பார்ப்பதாகவும், சனம் வந்து உட்கார்ந்திருந்தால் கிடங்கு அம்மாவுக்கு என்றும், வெறும் சுவர்தான் இருந்தால் திங்கட்கிழமை பெட்டிகள் திரும்ப வரும் என்றும் கறாராகச் சொல்லிவிட்டார்.

அம்மா சுவருக்கு வெள்ளையடித்தார். நீளமாக ஒரு மேசை போட்டார். கணவரின் புத்தகங்களை அடுக்கினார். அந்த வீட்டின் வழக்கங்களை எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார். விருந்தாளிக்குத்தான் முதல் இடம். கொடுப்பது தருமம் இல்லை, கடமை. கேள்வி கேட்பதுதான் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை. (கடைசியைச் சனங்களிடம் சொல்லும்போது ‘சந்தேகம் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு கேட்கலாம்’ என்று திருத்தினேன். துரையிடம் கேள்வி கேட்டவனுக்குத் தோட்டத்தில் என்ன நடக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியாதல்லவா.)

திறப்பு நெருங்கியபோது அம்மா இங்கிலீஷில் சொன்னார்: வெள்ளிக்கிழமை அந்தியில் ஷபாத். எல்லோருக்கும் ஷபாத். ஆண், பெண், குழந்தை, ஒருவர் விடாமல் வரச்சொல்.

என் காதில் விழுந்தது சப்பாத்து.

இங்கிலீஷுக்கு நடுவே ஒரு தமிழ்ச் சொல், அதுவும் கொஞ்சம் விசித்திரமான உச்சரிப்பாக இருக்கிறதே என்று பட்டது. வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் அப்படித்தான் வரும் என்று பெருந்தன்மையோடு மன்னித்தேன். எனக்குச் சந்தேகமே எழவில்லை. முந்தின வாரம்தான், அட்டை கடித்து ரத்தம் வழிந்த கால்களோடு கொழுந்துக் கூடை தூக்கிப்போன பெண்களைப் பார்த்து அவர் கண்கலங்கினார். கொடுப்பது கடமை என்று வேறு சொல்லியிருந்தார். இரண்டையும் கூட்டினால் சப்பாத்துதானே வரும்?

மறுநாள் விடிகாலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் அனுமதி வாங்கி, பெரட்டுக் களத்தில், வேலைக்கு வரிசையாக நின்ற சனத்தின் முன்னால் கீச் கீச்சென்று நடந்துபோய் நின்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அட்டனில் ஹன்னா அம்மாவின் கிடங்கில் எல்லோருக்கும் சப்பாத்து என்று அறிவித்தேன். யாரும் கைதட்டவில்லை. எங்கள் சனம் நல்ல சேதியை அவ்வளவு சீக்கிரம் நம்பாது. பின்வரிசையிலிருந்து கருப்பாயி அக்காதான் அளவு எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டார். கொழுந்து பறிப்பதில் வேகமானவர், பேச்சில் அதைவிட வேகமானவர். பதில் இல்லாதபோதுதான் எனக்குக் கற்பனை ஊறும். ஆளாளுக்கு விளக்குமாற்று ஈர்க்கை அவரவர் பாதத்தின் நீளத்துக்கு முறித்துக்கொண்டு வரவேண்டும் என்று அந்த இடத்திலேயே சட்டம் போட்டேன்.

சேதி மலைக்கு மலை தாவியது. அந்த வாரம் எந்த லயத்திலும் உருப்படியான விளக்குமாறு மிஞ்சவில்லை என்று என்னைப் பெற்ற அம்மா சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மழை விடாமல் பெய்தது. இருந்தாலும் வந்தார்கள். மழைக்குப் போர்த்தும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி வந்தார்கள். வட்டவளையிலிருந்து கருப்பாயி அக்காவின் சொந்தக்காரர்கள் ரயிலேறி வந்தார்கள். உள்ளே நுழையும் முன் வாசல் பீலிக் குழாயில் கொட்டிய தண்ணீரில் எல்லோரும் கால் கழுவினார்கள். புதுச் சப்பாத்துக்குள் சேற்றுக்காலை விடலாமா என்று சிலர் கல்லை வைத்துக் குதிகாலைத் தேய்த்தார்கள். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பக்தியோடு வருவார்கள் என்று நினைக்கவில்லை என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. நானும் உருகினேன்.

மேசையில் இரண்டு மெழுகுவர்த்தி எரிந்தது. சடை பின்னிய மாதிரி சுட்ட பாண் ரொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொருவராக வந்து ஈர்க்கை மேசைமேல் வைத்தார்கள். குவியல் ஏறிக்கொண்டே போனது. இது என்ன சம்பிரதாயம் என்று அம்மா மெல்லக் கேட்டார். அளவு என்றேன். எதற்கு அளவு என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சப்பாத்து எங்கே வைத்திருக்கிறீர்கள், எடுத்துக் கொடுக்கத் தொடங்கலாமா என்று கேட்டேன்.

“ஷபாத் வந்துவிட்டதே” என்று அவர் சிரித்தார். “இதோ, மேசையில்.”

நான் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தேன்.

அங்கே ஒன்றும் இல்லை. குனிந்தபடியே எனக்கு எல்லாம் விளங்கியது. நிமிர மனம் வரவில்லை. அந்த மேசைக்கடியிலேயே மிச்ச வாழ்நாளைக் கழித்துவிடலாம் என்று தோன்றியது. கண்ணுக்கெதிரே என் சப்பாத்து மட்டும் பளபளத்தது.

வேறு வழியில்லாமல் எழுந்து, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முதல்முறையாக அம்மாவிடம் கேட்டுவிட்டு, இது வேறு சப்பாத்து என்று சனத்திடம் சொன்னேன். ஓய்வு என்று அர்த்தம், வாரம்தோறும் அம்மாவின் சனம் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று சொன்னேன்.  யாராவது கல்லெறிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கருப்பாயி அக்காதான் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. “பசிக்கு எங்க வீட்டுலயும் ரொட்டி இருக்குங்க தம்பி. சப்பாத்துதான் இல்ல.”

அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். சண்டையில்லை, ஏச்சில்லை. ஏமாந்து பழகியவர்கள் எப்படித் திரும்பிப் போவார்களோ அப்படிப் போனார்கள். கழுவிய கால்கள் மறுபடி சேற்றில் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் காட்சிதான் இன்றும் என்னைச் சிரிக்க விடாமல் செய்வது.

மூட்டுவலியால் மழை குறையட்டும் என்று கருப்பாயி அக்காவும் அவர் மகள் மீனாட்சியும் மட்டும் தங்கினார்கள். நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. இருவரையும் மேசையின் தலைமாட்டில் உட்கார வைத்து, பாணைப் பிய்த்துக் கொடுத்தார். அக்கா மெழுகுவர்த்தியைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை விளக்கு தாங்களும்தான் வைக்கிறோம் என்றார். அப்புறம், அந்த ஓய்வு எவ்வளவு நேரம் என்று கேட்டார். அம்மாவைக் கேட்டு, நாளை அந்திவரை என்றேன்.

“வேல செய்யாத நாளுக்குப் பேர் போடுவாங்களா?”

பேர் போட்டால்தான் அன்றைய கூலி. அதை விளக்கி அம்மாவிடம் மொழிபெயர்த்தேன்.  அவர், “எங்களுக்கும் எந்த முதலாளியும் போடவில்லை. நாங்களே எடுத்துக்கொண்டோம்” என்றார். அன்று முழுக்க நான் சரியாக மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான்.  மீனாட்சி நிமிர்ந்து பார்த்தாள்.

அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு முதலாளி வந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். ஈர்க்குக் குவியலைப் பார்த்தார்.

“என்னம்மா, இங்க வெளக்கமாறு கட்டப் போறீங்களா?”

திங்கட்கிழமை பெட்டிகள் வந்தன. அடுத்த மழைக்காலத்துக்குள் ஹன்னா அம்மா கப்பலேறிவிட்டார். அவரை அட்டன் ஸ்டேஷனில் வழியனுப்பியவன் நான் ஒருவன்தான், வெறுங்காலோடு. மாமாவின் சப்பாத்தை அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னால் போட முடியவில்லை. ஹன்னா அம்மாவின் பெட்டிமேல் அந்த ஈர்க்குகள் கட்டாக இருந்தன. அதை ஏன் கொண்டுபோகிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அட்டனுக்கு அப்படி ஒரு வீடு அதற்குப் பிறகு வாய்க்கவும் இல்லை.

பட்டப்பெயர் மட்டும் நிலைத்தது. எங்கள் பக்கத்தில் இன்றும் நான் ‘சப்பாத்து’தான். என் பேரப்பிள்ளைகளைச் சப்பாத்து வீட்டுப் பிள்ளைகள் என்பார்கள். கருப்பாயி அக்கா எனக்கு மாமியாரான பிறகு, விருந்தாளி யார் வந்தாலும் முதலில் இந்தக் கதையைப் பரிமாறிவிட்டுத்தான் சோறு பரிமாறுவார்.

ஆனால் மீனாட்சி கதை சொல்வதில்லை. கல்யாணமான முதல் வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்ததும் இரண்டு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்திருக்கவில்லை. நான் காரணம் கேட்டேன்.

“இன்னைக்குச் சப்பாத்துங்க” என்றாள். “பேர் யாரும் போட மாட்டாங்க. நானே எடுத்துக்கிட்டேன்.”

அன்று சோறு வடித்தது நான். அது முதல் வெள்ளிக்கிழமைச் சோறு வடிப்பதும், சனிக்கிழமை அந்திவரை சட்டிபானை கழுவுவதும் நான்தான்.