என் வண்டி நிற்கவே மாட்டேன் என்கிறது

‘கணவாய்க் காற்று’ மோட்டார் சைக்கிள் மாத இதழின் ஆசிரியர் சமூகத்துக்கு, ஒடவரா நகரிலிருந்து நாகுரா தோகுசோ தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

மழை ஓய்ந்து, வேலியோரத்துப் பூக்கள் வெளுத்து, சிள்வண்டுகள் கச்சேரியைத் தொடங்கிவிட்ட இந்நாளில் தாங்களும் ஆசிரியர் குழுவினரும் அச்சகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நலம். என் வண்டி என்னைவிட நலம். புகார் அதைப் பற்றியதுதான்.

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஐம்பத்தொன்பது வயதில் பெரிய வண்டிக்கான உரிமம் எடுத்தேன். அந்த மாதம் தங்கள் இதழில் ஆயிரம் சி.சி. வண்டிகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை வந்திருந்தது. நம் நாட்டு வண்டி ஒன்று, விலை பதினான்கு லட்சம் யென், நம்பகத்தன்மைக்கு ஐந்து நட்சத்திரம். இத்தாலிய வண்டி ஒன்று, முப்பத்தொரு லட்சம், ஒரே நட்சத்திரம். கீழே பொடி எழுத்தில் ‘ஆனால் இதயம் துடிக்கும்’ என்று ஒரு குறிப்பு. எங்கள் வீட்டு நிதி என் மனைவி மிட்சுயோவின் கையில் இருப்பதால் அட்டவணையை அவள் சோற்றுக் கிண்ணத்தருகே வைத்தேன். “இதயம் துடிக்கத்தான் டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரே, அஞ்சு நட்சத்திரத்தையே வாங்குங்க” என்றாள். வாங்கினேன். அதே வாரம் பக்கத்து வீட்டுப் பல் வைத்தியர் குரோசு சான் அந்தச் சிவப்பு இத்தாலிய வண்டியை வாங்கி வந்தார். எனக்கு வயிறு எரிந்தது உண்மை. ஆனால் தங்கள் ஒற்றை நட்சத்திரத்தின் மேல் நம்பிக்கை வைத்துப் பொறுத்திருந்தேன்.

தாங்கள் பொய் சொல்லவில்லை. குரோசு சானும் நானும் உட்பட நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறுதோறும் ஹக்கோனே மலைப்பாதையில் ஏறி, உச்சிக் கடையில் காப்பி குடித்துவிட்டு இறங்குவோம். இந்த இரண்டு ஆண்டில் அவர் வண்டி பத்தொன்பது முறை நின்றது. முதல் முறை புகை வந்தபோது தலைக்கவசத்துக்குள் நான் சிரித்ததை மறைக்கவில்லை. ஆனால் பிறகு நடந்ததைக் கேளுங்கள். எல்லோரும் இறங்கிச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் கம்பியை இழுத்தார், ஒருவர் குடை பிடித்தார், நூடுல்ஸ் கடைக்காரம்மா ஒரு கிண்ணம் கொண்டுவந்து அவருக்கு மட்டும் கொடுத்தாள். நான் ஸ்பேனர் பிடித்தேன். மறுநாள், பிறருக்குத் தொந்தரவு கொடுத்தவன் செய்ய வேண்டிய முறைப்படி, அவர் ஏழு வீட்டுக்கும் யோகான் இனிப்புப் பெட்டியோடு போய் வாசலில் குனிந்து மன்னிப்புக் கேட்டார். குனிந்தவரை நிற்க வைத்தா அனுப்புவார்கள்? உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்கள். பத்தொன்பது பழுது, ஏழு வீடு. கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளுங்கள். இன்று யார் பேத்திக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பதுவரை அவருக்குத் தெரியும். நானோ வாழ்நாளில் யாருக்கும் தொந்தரவு கொடுத்தவனில்லை. ஆகவே யார் வீட்டு வரவேற்பறையும் எனக்குத் தெரியாது.

“இந்த வாட்டி உள்ள செஸ்ட்நட் வெச்சிருக்கு. என்ன பண்பான மனுஷன்!” என்றாள் மிட்சுயோ, எங்களுக்கு வந்த பெட்டியைத் திறந்தபடி.

“வண்டி நின்னுபோச்சு. அதுல என்னடி பண்பு?”

“நிக்கட்டுமே. அதனாலதானே நாலு வீட்டுப் படி ஏறுறாரு. நீங்க வண்டியத் தொடச்சு வெச்சுட்டு டி.வி. முன்னாடி உக்காந்துக்கறீங்க.”

இதையும் பொறுத்தேன். போன மாதம் இலையுதிர்காலப் பயணத்துக்கு முன்னால் போகும் தலைமை ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்தார்கள். என் வண்டியைவிட உறுதியாக ஊர் போய்ச் சேரும் வண்டி குழுவில் இல்லை. குரோசு சானைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்குக் குழுவின் மூத்தவர் ஒனுகி சொன்னார்: “அவர் முன்னால போனா அங்கங்க நிப்போம், நாலு வார்த்தை பேசுவோம். நீங்க போனா நேரா போய்ச் சேர்ந்துடுவோமே, நாகுரா சான்!”

அன்றுதான் பழுதாவது என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமையே ஏழு பெட்டி யோகான் வாங்கி, மேலே சுற்றும் வெள்ளைத் தாளில் ‘உதவிக்கு நன்றி, நாகுரா’ என்று கடையிலேயே எழுதச் சொல்லி, திரும்பும் வழியில் சூட்டோடு சூடாகக் கொடுத்துவிடலாம் என்று வண்டியின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டேன். ஞாயிறன்று மூன்றாவது வளைவில் ஒதுங்கி, இன்ஜினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, துக்க முகத்தோடு குந்தினேன். ஆறு பேரும் கையசைத்துக்கொண்டே போய்விட்டார்கள். ஐந்து நட்சத்திர வண்டி அருகே ஒருவன் குந்தினால் இயற்கையை ரசிக்கிறான் என்றுதானே எவருக்கும் தோன்றும்? நாற்பது நிமிடம் ரசித்தேன். தாமதமாகக் கிளம்பிக் கடைசியில் வந்தவர் குரோசு சான்.

“உங்க வண்டியா நின்னுது? நம்பவே முடியலையே!” என்று ஓடி வந்தார். சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரி ஒரே பார்வை, பொத்தானைப் பார்த்துவிட்டார். இருக்கையைக் கழற்றினார், உள்ளே எதையோ தட்டினார், மாட்டினார், போகிற போக்கில் சுண்டுவிரலால் பொத்தானை மேலே தள்ளினார். “ஒரு கம்பி தளர்ந்திருந்தது. யாருக்கும் நடக்கறதுதான்.” கை துடைக்கத் துணி தேடிப் பின்பெட்டியைத் திறந்தார். ஏழு பெட்டிகளும் என் பெயரோடு வரிசையாக இருந்தன. படித்தார். “முன்யோசனைன்னா உங்ககிட்டத்தான் கத்துக்கணும்” என்று மூடிவிட்டார். இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட மனிதரோடு எப்படி ஐயா ஒரே தெருவில் குடியிருப்பது?

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: இனி அட்டவணையில் விலை, வேகம், நம்பகத்தன்மையோடு, ‘இந்த வண்டி உங்களை எத்தனை வீட்டுக்குள் அழைத்துப் போகும்’ என்றும் ஒரு பத்தி சேர்க்கவும். என் வண்டிக்கு அதில் பூஜ்யம் போடவும்.

தங்கள் சந்தாதாரர் பெருகவும், தங்கள் இல்லத்து வண்டிகள் அளவோடு பழுதாகவும் வேண்டுகிறேன்.

பணிவன்புடன்,
நாகுரா தோகுசோ

பி.கு.: இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்க வெட்கப்பட்டு ஆறு வாரம் வைத்திருந்தேன். இதற்கிடையில் குரோசு சானும் நானும் வண்டிகளை மாற்றிக்கொண்டோம். கூடுதல் ஏழு லட்சத்தை மிட்சுயோவே மனமுவந்து எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு வண்டி என்னிடம் வந்தபின் ஒரு முறைகூட நிற்கவில்லை. என் பழைய வண்டி அவரிடம் இரண்டாம் ஞாயிறே நின்றது; ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்தோம், நான்தான் ஸ்பேனர் பிடித்தேன். எனவே முதல் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு இதைத் தெரிவிக்கிறேன்: தங்கள் ஐந்து நட்சத்திரமும் பொய், ஒரு நட்சத்திரமும் பொய். இரண்டையும் திருத்தி வெளியிடவும். என் பெயரைப் போட வேண்டாம். குரோசு சானும் தங்கள் சந்தாதாரர். இதழ் எனக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவருக்கு வந்துவிடுகிறது. அது ஏன் என்றும் விசாரிக்கவும்.