இருபத்தைந்தாவது தாள்

செங்கலடியில் எனக்கு ஒரு பைண்டிங் கடை. போன கிழமை பைண்டிங்கோடு இன்னொரு சின்ன வேலையும் வந்து சேர்ந்தது.

கம்பஸில் படிப்பிக்கும் மிஸ் ஒருவர் கடைக்கு வந்தார். விஞ்ஞானப் பிள்ளைகள் கடைசி வருட ஆய்வு செய்து உண்மையில் என்ன படிக்கிறார்கள் என்று அவர் ஆராய்கிறாராம்.

"ஐயா, இருபத்திநாலு பேரும் ரிப்போட் கட்ட உங்களிட்டத்தான் வருவாங்க. ஆளுக்கொரு தாள் குடுங்க. எழுதினத வாங்கி இந்த உறைக்குள்ள குப்புறப் போடுங்க. பேர் மட்டும் எழுத வேணாம்."

"ஓம்" என்றேன். படித்தவர்களோடு எனக்கு அதற்குமேல் வாய் வராது.

தாள்களை எண்ணினேன். இருபத்தைந்து! ஒன்று கூடுதல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பேர் வேண்டாம், சரி. ஆனால் யார் தரவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தாளின் பின்மூலையிலும், ரிப்போட் அட்டையிலுள்ள அந்தப் பிள்ளையின் பரீட்சைச் சுட்டெண்ணைப் பேனையால் எறும்பளவில் எழுதித்தான் கொடுத்தேன்.

என்ன ஒழுங்கு! என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசியாக வந்தவள் வாவி நண்டை ஆராய்ந்த பிள்ளை. எழுத இடம் போதாமல் தாளைப் புரட்டினாள்.

"ஐயோ! என்ட சுட்டெண் இதில கிடக்கு!"

"ஓம் மகள். எல்லாத்திலயும் போட்டிருக்கன்."

"எல்லாத்திலயுமா! என்ன படிச்ச எண்டு கேட்டதுக்கு, ஆய்வுக்குப் பொறுப்பான சேர்ர கதவடியில மணிக்கணக்கா நிக்கப் படிச்சன் எண்டு எழுதிட்டன் ஐயா! மத்தவங்களும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. சேர் இன்னும் மாக்ஸ் போடல. கம்பஸில அவருக்கும் மிஸ்ஸுக்கும் ஒரே றூம்!"

உறையை எடுக்க மிஸ் நாலு மணிக்கு வருவார். அப்போது மூன்று ஐம்பத்திரண்டு.

பேனை மையை அழிறப்பர் அழிக்காது. வெட்டு மெஷின் இருந்தது.

"மூலைய வெட்டிருவம்" என்றேன்.

"வெட்டுங்க. ஆனா ஒண்டையும் புரட்டப்படாது! கண்ண மூடிக்கொண்டு வெட்டுங்க!"

விரல் பத்தும் எனக்கு வேண்டும். திறந்த கண்ணோடே வெட்டினேன்.

விழுந்த முக்கோணத் துண்டுகளைப் பழக்கதோஷத்தில் எண்ணினேன். இருபத்தைந்து! ஒன்றில் சுட்டெண்ணே இல்லை.

அந்த மேலதிகத் தாள்! வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் முதல் நாளே நான்தான் நிரப்பி, முதல் ஆளாக உறைக்குள் போட்டிருந்தேன். மிஸ் வருமுன் எடுத்துவிடலாம் என்று நினைப்பு.

எடுக்கக் கை நீட்டினேன்.

"ஐயா! புரட்டப்படாதெண்டு சொன்னன்தானே!" கையில் ஒரு தட்டு.

மிஸ் வந்துவிட்டார்.

"மூலையெல்லாம் எங்க ஐயா?"

"எலி மிஸ்" என்றேன். இருபத்தைந்தும் ஒரே கோணத்தில், கத்தி வைத்தது போல இருந்தன.

"இஞ்ச எலியெல்லாம் ஒழுங்கு மிஸ்" என்றாள் நண்டுப்பிள்ளை.

மிஸ் தாள்கட்டைப் புரட்டி நிமிர்த்தினார். முதலில் போட்டது மேலே வந்தது. சத்தமாகவே வாசித்தார்.

"எண்ணாமல் ஒட்டக்கூடாது. ஒட்டிய பிறகு எண்ணிப் பிரயோசனம் இல்லை."

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா ஐயா! அளக்காம முடிவு எழுதப்படாதெண்டு ஒரு பிள்ளையாவது படிச்சிருக்கு! ஆரெண்டு தெரிஞ்சா நல்லம்."

பிறகு எண்ணத் தொடங்கினார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இருபத்தைஞ்சு? பிள்ளைகள் இருபத்திநாலுதானே? எப்படி ஐயா?"

நண்டுப்பிள்ளை மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

முப்பத்தொரு வருடம் பக்கம் எண்ணிய வாயால் சொன்னேன்:

"எனக்கு எண்ணத் தெரியாது மிஸ்."